டிராக்டர்கள் ஏன் தலைநகரை நோக்கி வருகின்றன? காலநிலைக் கொள்கை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

உழவர்கள் டிராக்டர்களோடு தலைநகருக்குள் நுழையும்போதெல்லாம் உங்கள் தரப்பிலிருந்து இரண்டு விளக்கங்கள் வருகின்றன. "திட்டத்தை அவர்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை" என்பது ஒன்று. "காலநிலை மாற்றத்தையே நம்பாதவர்கள் பின்னாலிருந்து தூண்டிவிடுகிறார்கள்" என்பது மற்றொன்று. நெதர்லாந்தின் அரசு இயங்கும் ஹேக், பெர்லின், பிரஸ்ஸல்ஸ், வெலிங்டன், டெல்லி என ஊர் மாறினாலும் இந்த இரண்டும் மாறுவதில்லை. கேட்டுக் கேட்டு மனம் பொறுக்காமல்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2019இல் மனிதச் செயல்களால் வெளியான, புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 22 சதவீதம் வேளாண்மை, காடழிப்பு உள்ளிட்ட நிலப் பயன்பாட்டிலிருந்து வந்தது என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி. மாடு அசைபோடும்போது மீத்தேன் வெளியேறுகிறது. தண்ணீர் கட்டிய நெல்வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறது. பயிர் எடுத்துக்கொள்ளாத யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இவற்றைக் குறைக்காமல் பாரிஸ் ஒப்பந்தத்தின் இலக்கை எட்டவே முடியாது. வேளாண்மைக்கு விலக்குக் கேட்டு நான் எழுதவில்லை.

காலநிலை கெட்டுப்போயிருப்பதை உழவருக்கு எவரும் வகுப்பெடுத்துப் புரியவைக்க வேண்டியதும் இல்லை. பூக்கும் நேரத்தில் வெயில் ஏறி மணி பிடிக்காமல் போவதையும், அறுவடை நேரத்தில் மழை கொட்டிக் கதிர் வயலிலேயே முளைப்பதையும் முதலில் பார்க்கிறவர் அவர்தான். அவருடைய கேள்வி வேறு. நோய்க்கு மருந்து வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு, மருந்துச் சீட்டை மட்டும் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுப் பணத்தையும் அவரையே கட்டச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மற்றத் தொழில்களிலிருந்து உழவு எங்கே வேறுபடுகிறது என்பதை நீங்கள் போதுமான அளவு எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. மின் நிறுவனத்துக்கு கார்பன் வரி போட்டால் அது மின் கட்டணத்தில் ஏறுகிறது. விமான நிறுவனம் டிக்கெட்டில் ஏற்றிவிடும். உழவர் எதில் ஏற்றுவார்? விலையை அவர் நிர்ணயிப்பதில்லை. விதை, உரம், டீசல், இயந்திரம் விற்கிற சில பெரிய நிறுவனங்கள் ஒரு பக்கம். தானியத்தையும் பாலையும் வாங்குகிற சில பெரிய கொள்முதலாளர்களும் பேரங்காடிகளும் மறுபக்கம். வாங்கும்போதும் அவர்கள் சொன்ன விலை, விற்கும்போதும் அவர்கள் சொன்ன விலை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் முன்னோர் சொன்ன நிலை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. அந்த மிஞ்சாத உழக்கிலிருந்துதான் நீங்கள் காலநிலைக்கான செலவை எடுக்கச் சொல்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005க்கும் 2020க்கும் இடையில் ஏறத்தாழ 53 லட்சம் பண்ணைகள் மறைந்துபோயின. மொத்தத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். உலகிலேயே அதிக மானியம் வாங்கும் உழவர்களில் ஒரு பகுதியினரின் நிலை இது. மானியம் எதுவும் இல்லாதவரின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நெதர்லாந்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது நேரடியாகக் காலநிலைச் சட்டம் அல்ல; கால்நடைக் கழிவிலிருந்து எழும் அம்மோனியா, காப்புப் பகுதிகளின் மண்ணையும் செடிகொடிகளையும் கெடுப்பதைத் தடுக்கும் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம். ஆனாலும் ஒரு நல்ல நோக்கம் எப்படி உழவரின் பகையைச் சம்பாதித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

2015 ஏப்ரல் 1 அன்று ஐரோப்பிய ஒன்றியம், எவ்வளவு பால் உற்பத்தி செய்யலாம் என்று வரம்பு கட்டிய ஒதுக்கீட்டு முறையை நீக்கியது. உலகச் சந்தை திறந்திருக்கிறது என்ற பேச்சு எங்கும் கேட்டது. கடன் வாங்கிக் கொட்டகையைப் பெரிதாக்கினார்கள், மாடுகளைக் கூட்டினார்கள். சாணத்தில் வெளியேறும் பாஸ்பேட்டின் மொத்த அளவு நாட்டுக்கான வரம்பைத் தாண்டியது. 2017இல் மாடுகளைக் குறைக்கச் சொன்னார்கள். 2018 ஜனவரியில், பண்ணைக்குப் பண்ணை வரம்பு கட்டும் பாஸ்பேட் உரிமை முறை வந்தது. 2015 ஜூலை 2 அன்று கொட்டகையில் எத்தனை மாடுகள் இருந்தன என்பதே அளவுகோலாக வைக்கப்பட்டது. அந்தத் தேதிக்குள் கொட்டகையைக் கட்டி முடித்து, மாடு வாங்காமல் இருந்தவரின் நிலையை எண்ணிப்பாருங்கள். கட்டடம் காலி, கடன் மட்டும் முழுசு.

இதோடு முடியவில்லை. 2015இலேயே, அம்மோனியா வழியாக மண்ணில் படியும் நைட்ரஜனுக்கு ஒரு திட்டம் வந்தது. பக்கத்துக் காப்புப் பகுதியில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1 மோலுக்கும் குறைவாக, அதாவது ஏறத்தாழ 14 கிராம் நைட்ரஜனுக்கும் குறைவாகப் படியச் செய்யும் பண்ணைகளுக்கு அனுமதி தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும் என்றது அரசு. ஆயிரக்கணக்கானோர் சொன்னபடியே தகவல் தெரிவித்துவிட்டுத் தொழிலை நடத்தினார்கள். 2019 மே 29 அன்று அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்தத் திட்டமே செல்லாது என்று தீர்ப்பளித்தது. எதிர்காலத்தில் குறைப்போம் என்ற வாக்குறுதியை வைத்து இன்று அனுமதி கொடுக்க முடியாது என்பது நீதிமன்றத்தின் வாதம். சட்டப்படி அது சரியான வாதம்தான். ஆனால் அரசு காட்டிய வழியில் நேர்மையாக நடந்த அந்த உழவர்கள் ஒரே நாளில் அனுமதியில்லாமல் பண்ணை நடத்துபவர்கள் ஆகிவிட்டார்கள். பிழை திட்டத்தை எழுதியவருடையது. தண்டனை படிவத்தை நிரப்பியவருக்கு.

அதே ஆண்டு செப்டம்பரில், ஆளுங்கூட்டணி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கால்நடை எண்ணிக்கையைப் பாதியாக்கலாம் என்றார். அக்டோபர் 1 அன்று டிராக்டர்கள் ஹேக் நகரை நோக்கிக் கிளம்பின; சாலை நெரிசல் மொத்தமாக ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. 2022 ஜூனில் அரசு ஒரு வரைபடம் வெளியிட்டது. எந்தப் பகுதியில் நைட்ரஜன் வெளியேற்றத்தை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்று வண்ணம் தீட்டிய வரைபடம். சில இடங்களில் 95 சதவீதம் வரை. தாத்தா காலத்திலிருந்து பால் கறந்த ஒரு குடும்பம் தன் நிலம் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 95 சதவீதம் குறைத்த பிறகு அங்கே பண்ணை என்று எதுவும் இருக்காது. அதைச் சொல்ல ஒரு மனிதரை நேரில் அனுப்பியிருக்கலாம். அடுத்த ஆண்டு மாகாணத் தேர்தல்களில், 2019இல்தான் தொடங்கப்பட்ட உழவர் கட்சி மிக அதிக வாக்குகளைப் பெற்றது. இதைப் பார்த்து வியந்தவர்களைக் கண்டுதான் நான் வியந்தேன்.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. 2023 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம், அரசு 6,000 கோடி யூரோவைக் காலநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்று சொன்னது. வரவுசெலவுத் திட்டத்தில் பள்ளம் விழுந்தது. அடுத்த மாதமே உழவர்களின் டீசலுக்குக் கொடுத்துவந்த லிட்டருக்கு 21.48 சென்ட் வரித் திருப்பத்தையும் வண்டி வரி விலக்கையும் நீக்கப்போவதாக அறிவித்தார்கள். தீங்கான மானியத்தை ஒழிக்கிறோம் என்று அதற்குப் பச்சைச் சாயம் பூசினார்கள். கனரக உழவு வேலைக்கு டீசல் டிராக்டருக்கு மாற்றாக எளிதில் வாங்கக்கூடிய வண்டி சந்தையில் இல்லாதபோது, அந்த வரி ஒரு லிட்டர் டீசலைக்கூட மிச்சப்படுத்தாது; உழவரின் பணத்தை மட்டும் எடுக்கும். பள்ளத்தை நிரப்ப ஊருக்கு இளைத்தவரைத் தேடினார்கள் என்றுதான் கிராமங்கள் புரிந்துகொண்டன. 2024 ஜனவரியில் நாடு முழுக்கச் சாலைகள் நின்றன.

இந்தியாவுக்கு வருகிறேன். ஒவ்வோர் அக்டோபரிலும் டெல்லியின் வானம் புகையால் மூடும்போது நெல் தாளை எரிக்கும் பஞ்சாப், அரியானா உழவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். புகை எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னோக்கிப் பார்ப்போம். அந்த மண்ணில் நெல்லை இவ்வளவு பரப்பில் நடவைத்தது பசுமைப் புரட்சியும், நெல்லுக்கும் கோதுமைக்கும் மட்டும் உறுதியாகக் கிடைத்த அரசுக் கொள்முதலும். நிலத்தடி நீர் வற்றியது. நீரைக் காப்பாற்ற 2009இல் பஞ்சாப் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜூன் 10க்கு முன்னால் நாற்று நடக் கூடாது என்றது அது. நல்ல நோக்கமுள்ள சட்டம். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. நெல்லை அறுத்து முடிப்பதற்கும் கோதுமை விதைப்பதற்கும் இடையே இருபது நாள் அளவுக்குத்தான் இடைவெளி.

அந்த இருபது நாளில் வயலில் நிற்கிற காட்சியைப் பாருங்கள். அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முழங்கால் உயரத்துக்குத் தாள் நிற்கிறது. அதன்மேல் இயந்திரம் கக்கிய வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கிறது. சிலிக்கா மிகுந்த இந்த வைக்கோலை அப்பகுதி மாடுகள் விரும்பித் தின்பதில்லை. தாளோடு சேர்த்து விதைக்கும் இயந்திரம் இருக்கிறது, மானியமும் இருக்கிறது. ஆனால் அதை இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும், மீதி விலையைக் கையிலிருந்து போட வேண்டும், ஆண்டில் சில வாரம் ஓட்டிவிட்டு மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிறுத்திவைக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கலாமென்றால் ஊரில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில்தான் தேவைப்படுகிறது. கோதுமை தாமதமானால் கடைசியில் வெயில் ஏறி விளைச்சல் குறையும். இவ்வளவுக்கும் நடுவில் தீப்பெட்டி ஒன்றுதான் மலிவாகக் கிடைக்கிறது.

இதற்கு அரசு கண்ட தீர்வு என்ன? 2020 அக்டோபரில் வந்த காற்றுத் தர அவசரச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் உட்கார்ந்தவர்களின் கோரிக்கைகளில் இதை நீக்குவதும் ஒன்றாக இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் கடைசிப் பேச்சுவார்த்தையில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பிறகு சிறைக்குப் பதில், எரிப்பவர் கட்ட வேண்டிய சூழல் இழப்பீட்டுத் தொகை என்றார்கள். 2024 நவம்பரில் அதை இரட்டிப்பாக்கி, இரண்டு ஏக்கருக்கும் குறைவாக வைத்திருப்பவருக்கு 5,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். எரிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பதும் அந்த உழவரின் பிள்ளைகள்தான். கொள்முதல் கொள்கையும் நீர்ச் சட்டமும் சேர்ந்து கட்டிய முடிச்சை, இரண்டு ஏக்கர்க்காரர் தனியாக அவிழ்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைத்தான் எதிர்க்கிறேன். நெல்லுக்குக் கிடைக்கும் அதே உறுதியைச் சோளத்துக்கும் பயறுக்கும் கொடுத்துப்பார்த்துவிட்டு அபராதச் சீட்டை நீட்டுங்கள்.

இலங்கையை மறந்துவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு அதன் பின்னணியில் இருந்தது. நாட்டுக்குச் சொன்னதோ இயற்கை வேளாண்மையும் மக்கள் நலமும். கிளாஸ்கோ மாநாட்டில் அதைப் பெருமையாகவும் பேசினார்கள். ஒரு மண் இரசாயன உரத்திலிருந்து விடுபடப் பல பருவங்கள் பிடிக்கும் என்பது இயற்கை வேளாண்மை செய்கிற யாருக்கும் தெரியும். நாடு முழுவதற்கும் ஒரே பருவத்தில், போதிய தொழுவுரமோ பசுந்தாளுரமோ கையில் இல்லாமல் செய்யச் சொன்னார்கள். நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை சரிந்தது, உழவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் போன பருவம் போனதுதான். இயற்கை வேளாண்மையை நேசிக்கிற எனக்கு இதில் இன்னொரு வேதனை உண்டு. இனி அங்கே அந்தச் சொல்லை எடுத்தாலே உழவர் கதவைச் சாத்துவார். அவசரச் சட்டம் ஒரு நல்ல வழியை ஒரு தலைமுறைக்குக் கெடுத்துவிட்டது.

நீங்கள் இறங்கிவரும்போதும் தவறான இடத்திலேயே இறங்குகிறீர்கள். 2024 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் என்ன நடந்தது? சாலையில் நின்ற உழவர்கள் கட்டுப்படியான விலை கேட்டார்கள், மலிவான இறக்குமதியிலிருந்து பாதுகாப்புக் கேட்டார்கள், படிவங்களின் சுமையைக் குறைக்கச் சொன்னார்கள். பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டை 2030க்குள் பாதியாக்கும் சட்ட முன்வரைவைக் கைவிடுவதாக ஐரோப்பிய ஆணையத் தலைவர் அறிவித்தார். நிலத்தில் 4 சதவீதத்தைத் தரிசாக விடும் விதியையும் தளர்த்தினார்கள். தங்கள் கோரிக்கை வரிசையில் சில சங்கங்கள் இதையும் கேட்டது உண்மைதான். ஆனால் விலை கேட்டவருக்கு நஞ்சைக் கொடுத்து அனுப்பினால் அவர் வீட்டு வரவு எப்படிக் கூடும்? அந்த நஞ்சைக் கையாண்டு நோய்ப்படுகிறவரும் அவர்தானே. கொள்முதல் விலை பற்றிப் பேச வேண்டுமானால் பேரங்காடிகளைப் பகைத்துக்கொள்ள வேண்டும். மண்ணும் தேனீயும் பகைக்க வராது. சுலபமானதை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்.

போராட்டக் கூட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பெரும்பண்ணைக்காரர்களும் இடுபொருள் நிறுவனங்களும் சிறு உழவரின் முதுகுக்குப் பின்னால் நின்று குளிர்காய்கிறார்கள். ஐரோப்பாவின் நேரடி மானியத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் 20 சதவீதம் பேருக்குப் போகிறது; நிலம் அதிகம் வைத்திருப்பவருக்கு அதிகப் பணம் என்ற ஏற்பாடு அது. இதை மாற்றுவதைப் பெரிய சங்கங்கள் விரும்புவதில்லை. காலநிலை மாற்றமே பொய் என்று சொல்லும் அரசியல்வாதிகளும் மேடை ஏறுகிறார்கள். இவையெல்லாம் உண்மை. அவர்களுக்கு அந்த மேடையைப் போட்டுக்கொடுத்தது யார் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். சிறு உழவரையும் பெரும்பண்ணையையும் ஒரே தராசில் நிறுத்தும் ஒவ்வொரு விதியும் இருவரையும் ஒரே டிராக்டரில் ஏற்றிவிடுகிறது.

பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உலகப் பண்ணைகளில் 84 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை; உணவில் மூன்றில் ஒரு பங்கை அவை தருகின்றன. 2017–18இல் கணக்கில் வந்த காலநிலை நிதியில் சிறு உழவருக்குப் போய்ச் சேர்ந்தது 1.7 சதவீதம். மண்ணில் கரியைச் சேர்த்து உமிழ்வைக் குறைப்பவருக்குப் பணம் தரும் கார்பன் வரவு என்று ஒன்றைக் காட்டுகிறீர்கள். அதன் விதிப்படி, புதிதாகச் செய்வதற்கு மட்டும்தான் பணம். இருபது ஆண்டாக உழவைக் குறைத்து, மூடாக்குப் போட்டு, மரம் வைத்து மண்ணைக் காத்தவருக்கு ஒன்றும் இல்லை. கெடுத்தவர் இன்று திருந்தினால் அவருக்குக் காசு. கிராமத்தில் இதைச் சொல்லிப்பாருங்கள், யார் முகத்திலும் ஈயாடாது.

நெல்லில் மீத்தேனைக் குறைக்கக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்கிறீர்கள். அருமையான முறை, தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் பெருமளவு குறைகிறது. கிணறும் மோட்டாரும் சொந்தமாக உள்ளவர் நாளைக்கே செய்வார். வாய்க்காலின் கடைமடையில் இருப்பவர், அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதபோது, வந்த தண்ணீரை வடியவிட்டு வயலைக் காயப்போடத் துணிவாரா? அவருக்குப் பயிற்சி வகுப்பு எதற்கு? முறை தவறாமல் தண்ணீர் விடும் நீர்வளத் துறை கொடுங்கள், போதும்.

முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. டென்மார்க்கில் 2024 ஜூனில் அரசு, உழவர் சங்கம், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, தொழிற்சங்கம், தொழில்துறை எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கால்நடை உமிழ்வுக்கு வரி. கரியமில வாயுவுக்கு இணையாகக் கணக்கிட்ட உமிழ்வு டன்னுக்கு 2030இல் 300 குரோனரில் தொடங்கி 2035இல் 750 வரை. அதில் 60 சதவீதத் தள்ளுபடி உண்டு. வசூலாவது மாற்றத்துக்கான உதவியாக வேளாண்மைக்கே திரும்பும். சதுப்பு நிலத்தை உழவிலிருந்து விடுவிக்கவும் இரண்டரை லட்சம் ஹெக்டேரில் காடு வளர்க்கவும் பணம் ஒதுக்கினார்கள். வரி குறைவு என்று சூழல் ஆர்வலர்கள் குறைப்பட்டார்கள். எனக்கும் அது குறைவாகத்தான் படுகிறது. ஆனாலும் உடன்பாடு நிற்கிறது. நியூசிலாந்தைப் பாருங்கள். நாட்டின் உமிழ்வில் ஏறத்தாழப் பாதி வேளாண்மையிலிருந்து. 2003இல் ஒரு வரி, எதிர்ப்பு, வாபஸ். 2022இல் இன்னொரு திட்டம், எதிர்ப்பு, ஆட்சி மாற்றம், 2024இல் வாபஸ். இருபது ஆண்டு போனது. பண்ணை மீத்தேனுக்கு விலை இன்னும் வைக்கப்படவில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே. அடுத்து நீங்கள் கொண்டுவரும் ஒவ்வொரு காலநிலை மசோதாவோடும் ஒரு பண்ணைக் கணக்கை இணைத்து வெளியிடுங்கள். இரண்டு ஏக்கர், இருபது ஏக்கர், இருநூறு ஏக்கர் வைத்திருக்கும் மூவருக்கு இந்தச் சட்டத்தால் முதல் ஆண்டில் எவ்வளவு செலவு, அதில் அரசு எவ்வளவு, வாங்குகிற நிறுவனம் எவ்வளவு, நுகர்வோர் எவ்வளவு ஏற்கிறார்கள், மாறும் காலத்தில் விளைச்சல் விழுந்தால் அந்த நட்டம் யாருடையது, இந்த விதி எத்தனை ஆண்டுக்கு மாறாது என்பதை உழவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். நடவும் அறுவடையும் இல்லாத மாதத்தில் அவர் ஊருக்கே போய் அதைப் படித்துக்காட்டுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் வரும் மசோதாவை எதிர்த்து டிராக்டர்கள் கிளம்பினால், காலநிலைக்காகக் குரல் கொடுக்கிறவன் என்ற முறையிலேயே நானும் அவர்களோடு நிற்பேன்.

இப்படிக்கு,
உழவர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்